அரோரா எலக்ட்ரானுக்கு அந்தக் கடைசி 5 கிலோவோல்ட்டை யார் கொடுப்பது?

பிரிவு: விண்வெளி இயற்பியல் › பிளாஸ்மா

கிண்டி_மின்னி

எல்லா இடத்திலும் ஒரே விளக்கம்தான் கிடைக்கிறது. சூரியக் காற்றில் வரும் எலக்ட்ரான்கள் பூமியின் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு துருவத்தில் இறங்கிக் காற்றில் மோதுகின்றன, துருவ ஒளியான அரோரா தெரிகிறது. கணக்குப் போட்டால் இடிக்கிறது.

சூரியக் காற்றின் வேகம் நொடிக்கு 400 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். புரோட்டானுக்கு அந்த வேகத்தில் சுமார் 0.8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் இருக்கும். இனி சுருக்கமாக கேஇவி என்கிறேன். அதே வேகத்தில் போகும் எலக்ட்ரானுக்கு அரை இவிகூட வராது. வெப்ப ஆற்றலையும் சேர்த்தால் 10 இவி பக்கம் நிற்கும். பச்சை ஒளி வருவது 110 கி.மீ. உயரத்தை ஒட்டி. அவ்வளவு கீழே இறங்கப் பல கேஇவி வேண்டும். நடுவில் இந்த நூறு மடங்கை யார் சேர்க்கிறார்கள்?

இன்னொன்று. காந்தப்புலம் வேலை செய்யாது, ஆற்றல் தர மின்புலம்தான் வேண்டும். சரி. ஆனால் கோட்டின் வழியே மின்புலம் இருந்தால், பிளாஸ்மா (அயனியும் எலக்ட்ரானுமாகப் பிரிந்த வாயு) நல்ல கடத்தியாச்சே, எலக்ட்ரான்கள் ஓடிப்போய் அதை அடைத்துவிடாதா?

அடையாறு_அயனி

இரண்டுமே சரியான கேள்வி. அந்தப் பாடப்புத்தக விளக்கத்தில் எலக்ட்ரான் நேராகச் சூரியனிலிருந்து வந்து விழுவதாகக் காட்டுவதுதான் சிக்கல். ஆற்றல் சூரியக் காற்றிலிருந்து வருகிறது, உண்மை. ஆனால் அது எலக்ட்ரானின் சட்டைப்பையில் வருவதில்லை. காந்தக்கோளத்தின் வாலில் காந்த ஆற்றலாகத் தேங்கி, அங்கிருந்து தவணையாகக் கைமாறுகிறது.

முதல் தவணை வாலில். எதிரெதிர்க் காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது பிளாஸ்மா பூமிப் பக்கமாகத் தள்ளப்படும். அப்போது எலக்ட்ரான் இருக்கும் இடத்தின் புலம் 10 நானோடெஸ்லாவிலிருந்து 30 ஆனால், மியூ, அதாவது செங்குத்தான ஆற்றல் ÷ புலம், மாறாமல் இருக்க வேண்டும் என்பதால் கோட்டுக்குச் செங்குத்தான ஆற்றல் மூன்று மடங்காகும். பீட்டாட்ரான் முடுக்கம் என்பது இதுதான். கோட்டின் நீளம் பாதியாகச் சுருங்கினால் கோட்டுக்கு இணையான ஆற்றல் நான்கு மடங்கு. இது ஃபெர்மி வழி. இப்படியெல்லாம் ஏறித்தான் வாலின் நடுவில் பரந்திருக்கும் பிளாஸ்மா தகட்டில் எலக்ட்ரான்கள் அரை முதல் ஒரு கேஇவி வரை வந்து நிற்கின்றன. கவனியுங்கள், இங்கேயும் மியூவோ காந்தமோ ஆற்றல் தரவில்லை. புலம் காலத்தோடு மாறும்போது தூண்டப்படும் மின்புலம்தான் தருகிறது.

கடைசித் தவணை பூமிக்கு வெகு அருகில், சில ஆயிரம் கி.மீ. முதல் பத்துப் பன்னிரண்டாயிரம் கி.மீ. உயரத்துக்குள். அதுதான் உங்கள் இரண்டாவது கேள்வி.

கடத்தி என்றால் கோட்டின் வழியே மின்புலம் நிற்காது என்ற எண்ணத்தை 1950களில் பலரும் வேதவாக்காக வைத்திருந்தார்கள். ஆல்ஃப்வேன் 1958லேயே நிற்கும் என்றார். காரணம் இதுதான்: அரோரா வளைவாக ஒளிரும் இடத்துக்கு மேலே மேல்நோக்கி மின்னோட்டம் போயாக வேண்டும், அதாவது எலக்ட்ரான்கள் கீழே இறங்க வேண்டும். ஆனால் கீழே வரவரப் புலம் வலுக்கிறது. பிளாஸ்மா தகட்டில் 50 நானோடெஸ்லா, அயனி மண்டலத்தில் சுமார் 55,000. விகிதம் ஆயிரத்துக்கு மேல். கோட்டோடு ஏறக்குறைய 2 டிகிரிக்குள் சாய்ந்த எலக்ட்ரான் மட்டும்தான் கீழே வரும். மற்றதெல்லாம் கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பிவிடும். கேட்கும் மின்னோட்டத்தை இந்தச் சிறு பங்கால் தர முடியாது. அதனால் கோட்டின் வழியே ஒரு மின்னழுத்தம் எழுந்து எலக்ட்ரான்களைக் கீழே இழுக்கிறது. ஓடிப்போய் அடைக்கப் போதுமான எலக்ட்ரான்களே அந்த உயரத்தில் இல்லை. அடர்த்தி கன செ.மீ.க்கு ஒன்றுக்கும் கீழே போகும்.

காந்தமுள்

அயனி சார் சொன்னதற்கு எண் போட்டுவிடலாம். 1973ல் நைட் என்பவர் தந்த சமன்பாடு இதற்குத்தான்.

மின்னழுத்தமே இல்லாவிட்டால் கிடைக்கும் மின்னோட்ட அடர்த்தி: மின்னூட்டம் × அடர்த்தி × [வெப்ப ஆற்றல் ÷ (2π × எலக்ட்ரான் நிறை)] என்பதன் வர்க்கமூலம். அடர்த்தி கன செ.மீ.க்கு 1, வெப்ப ஆற்றல் 1 கேஇவி என்று போடுங்கள். வர்க்கமூலம் நொடிக்கு 5,290 கி.மீ. விடை சதுர மீட்டருக்கு 0.85 மைக்ரோஆம்பியர். நல்ல வளைவுக்கு மேலே தேவைப்படுவது 5 மைக்ரோஆம்பியர் என்றால், கிட்டத்தட்ட ஆறு மடங்கு வேண்டும்.

எளிய நேர்கோட்டு வடிவம்: மடங்கு = 1 + (மின்னழுத்த ஆற்றல் ÷ வெப்ப ஆற்றல்). அதன்படி 4.9 கிலோவோல்ட். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. முடுக்கப் பகுதியின் மேல் விளிம்பு எங்கே என்பதைப் பொறுத்து விடை மாறும். பூமியின் மையத்திலிருந்து 3 ஆரத்தில் என்றால் கீழ்–மேல் புல விகிதம் சுமார் 27. முழுச் சமன்பாடு 5.4 கிலோவோல்ட் தரும். 2 ஆரத்தில் என்றால் விகிதம் 8தான். அதே 5 மைக்ரோஆம்பியருக்கு 8.4 கிலோவோல்ட் வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு வோல்ட் போட்டாலும் 8 × 0.85, அதாவது 6.8 மைக்ரோஆம்பியரைத் தாண்டாது. மேலே இருக்கும் எலக்ட்ரான் முழுவதும் கீழே வந்தாகிவிட்டது, இன்னும் எங்கே போவது.

5 கிலோவோல்ட் × 5 மைக்ரோஆம்பியர் = சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட். வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் வளைவுக்கு இது போதும், தாராளமாகவே போதும்.

நைட் சமன்பாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த மின்னோட்டத்துக்கு இத்தனை வோல்ட் தேவை என்று மட்டும்தான் அது சொல்கிறது. அந்த வோல்ட் கோட்டில் எப்படிப் பரவியிருக்கும், ஒரே இடத்தில் நேர், எதிர் மின்னூட்டங்கள் எதிரெதிரே நிற்கும் இரட்டை அடுக்காகக் குவிந்திருக்குமா என்றெல்லாம் சொல்லாது.

கோட்டூர்புரம்_வானம்

இது அளந்து பார்த்த விஷயமா, காகிதக் கணக்கா?

ராயபுரம்_ரேடியோ

அளந்ததுதான். 1971ல் ஃபிராங்க், அக்கர்சன் இருவரும் இன்ஜன் 5 செயற்கைக்கோளின் தரவில் தலைகீழ் வி வடிவத்தைக் காட்டினார்கள். வளைவைக் கடக்கும்போது எலக்ட்ரானின் உச்ச ஆற்றல் சிறியதிலிருந்து ஏறி நடுவில் பல கேஇவி தொட்டு மறுபடி இறங்கும். 1976ல் ஏவிய எஸ்3-3 செயற்கைக்கோள் 8,000 கி.மீ. வரை போய் அந்த வலுவான மின்புலங்களை நேரடியாகவே பார்த்தது. பிறகு 1996ல் ஃபாஸ்ட் செயற்கைக்கோள். அதன் சுற்றுப்பாதை 350க்கு 4,175 கி.மீ. முடுக்கப் பகுதியின் அடியிலும் சில நேரம் உள்ளேயும் புகுந்து வந்தது.

அதே ஃபாஸ்ட் எதிர்ப்பக்கத்தையும் காட்டியது: மின்னோட்டம் கீழ்நோக்கிப் போகும் இடத்தில் எலக்ட்ரான்கள் மேலே வீசப்படுகின்றன. ஒளி இல்லாத அந்தக் கீற்றுகளைக் கறுப்பு அரோரா என்கிறார்கள்.

பெரம்பூர்_பைத்தான்

அப்போ 2021ல் அமெரிக்க ஆய்வகத்துல ஆல்ஃப்வேன் அலைதான் அரோராவுக்குக் காரணம்னு நிரூபிச்சாங்கன்னு செய்தி வந்துச்சே? நைட் சமன்பாடு பழைய கதையாயிடுச்சுன்னு நினைச்சேன்.

காந்தமுள்

செய்தித் தலைப்பு செய்த வேலை அது ப்ரோ. அந்தச் சோதனை கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இருக்கும் 20 மீட்டர் நீளப் பிளாஸ்மா கருவியில் நடந்தது. அயோவா பல்கலைக்கழகத்தார் முன்நின்று செய்தார்கள். ஆல்ஃப்வேன் அலையை, அதாவது காந்தக் கோடு கம்பிபோல் அதிர்ந்து பரவும் அலையை, ஏவி, அதே திசையில் ஏறக்குறைய அதே வேகத்தில் போகும் எலக்ட்ரான்கள் அலையிடமிருந்து ஆற்றல் வாங்குவதை அளந்தார்கள். லாண்டாவ் 1946ல் கணித்த ஒத்திசைவுதான் அது. அரோராவில் ஒரு வகைக்கு அது பொருந்தும். நிலையான மின்னழுத்தத்தால் வரும் வகையை அது ஒன்றும் செய்யவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, சில இரவுகளில் ஒரே வளைவின் பக்கத்திலேயே.

அலை எப்படி ஆற்றல் தருகிறது என்பதற்கு எல்லோரும் கோவளத்தில் அலைச்சறுக்குகிறவரைக் காட்டுவார்கள். பலகை அலையின் வேகத்தை நெருங்கினால் அலை தூக்கிக்கொண்டு போகும், சும்மா மிதந்தால் கடந்து போய்விடும். அதுவரை சரி. ஆனால் சாதாரண ஆல்ஃப்வேன் அலைக்குக் கோட்டின் வழியே மின்புலமே கிடையாது என்பதை அந்த உவமை மறைத்துவிடுகிறது. அலையின் குறுக்களவு மிகச் சிறியதாக, எலக்ட்ரான் தோல் ஆழத்தின் (எலக்ட்ரானின் நிலைமம் கணக்கில் வரும் நீளம்) அளவுக்கு வரும்போதுதான் இணை மின்புலம் பிறக்கிறது. தோல் ஆழம் = 5.3 கி.மீ. ÷ அடர்த்தியின் வர்க்கமூலம், அடர்த்தி கன செ.மீ. கணக்கில். அடர்த்தி 10 என்றால் 1.7 கி.மீ. ஆகவே நூறு கி.மீ. அகல அலை எலக்ட்ரானை ஒன்றும் செய்யாது. அது கிழிந்து ஓரிரு கி.மீ. இழைகளாக வேண்டும்.

6,400 கி.மீ. உயரத்தில் புலம் 7,000 நானோடெஸ்லா, ஹைட்ரஜன் அயனி அடர்த்தி 10 என்று போட்டால் ஆல்ஃப்வேன் வேகம் நொடிக்கு 48,000 கி.மீ. குறுக்கு அலையெண் × தோல் ஆழம் = 1 என்றால் அது இரண்டின் வர்க்கமூலத்தால் குறைந்து 34,000 ஆகும். அந்த வேகத்தில் போகும் எலக்ட்ரானின் ஆற்றல் 3.3 கேஇவி. ஏறக்குறைய நின்றுகொண்டிருந்த எலக்ட்ரானை அலையின் முகம் முழுவதுமாகத் தள்ளித் தெறிக்கவிட்டால் இரட்டை வேகம், 13 கேஇவி. அது உச்சவரம்பு. அலையின் மின்னழுத்தம் அதற்குப் போதுமானதாக இருந்தால்தான். நடப்பில் கிடைப்பது சில பத்து இவி முதல் ஓரிரு கேஇவி வரை பரந்த கலவை.

அடையாறு_அயனி

அடர்த்தியை அங்கே 10 என்று எடுத்தது நியாயம்தான், ஆனால் அதே உயரத்தில் அரோரா குழி என்ற அடர்த்தி குறைந்த பகுதிக்குள் 1க்குக் கீழே போகும். அப்போது ஆல்ஃப்வேன் வேகம் ஒளியின் வேகத்தின் பெரும்பங்கை நெருங்கும். மேலே போட்ட எளிய சூத்திரம் உதவாது, இடப்பெயர்ச்சி மின்னோட்டத்தைச் சேர்க்க வேண்டும். அந்தக் குழியில் ஒத்திசைவுக்குத் தகுந்த எலக்ட்ரானும் கிடைக்காது. அலை முடுக்கம் குழியின் ஓரத்தில் நடக்கும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிண்டி_மின்னி

அப்படியென்றால் தரவைப் பார்த்து இது மின்னழுத்தம், இது அலை என்று எப்படிப் பிரிப்பது? அமெரிக்காவின் டிஎம்எஸ்பி வானிலைச் செயற்கைக்கோள்களின் தரவு சும்மா கிடைக்கிறது. அதை வைத்துப் பழகலாம் என்று இருக்கிறேன்.

ராயபுரம்_ரேடியோ

நல்ல தொடக்கம். டிஎம்எஸ்பி 840 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. எலக்ட்ரான் கருவி 30 இவி முதல் 30 கேஇவி வரை நொடிக்கு ஒரு நிறமாலை தரும். கோளின் வேகம் நொடிக்கு ஏழரை கி.மீ. ஆகவே 100 கி.மீ. அகலத் தலைகீழ் வி உங்கள் திரையில் 13 புள்ளிதான்.

பார்க்கும் வரிசை: முதலில் ஆற்றல்–நேர வரைபடத்தை முழுக் கடப்புக்கும் போடுங்கள், நிறம் மடக்கை அளவில். பிறகு சந்தேகமான இடத்தில் ஒவ்வொரு நொடிக்கும் தனிக் கோட்டு வரைபடம். ஒரே ஆற்றலில் கூரான உச்சி, அதற்கு மேலே செங்குத்தாக விழுந்தால் மின்னழுத்தம். உச்சியே இல்லாமல் 50 இவியிலிருந்து ஓரிரு கேஇவி வரை எல்லாச் சேனலும் சேர்ந்து நிமிர்ந்தால் அலை. உச்சி இல்லாமல் பல கேஇவி வரை வழுவழுப்பாக, பரந்த பகுதியில் இருந்தால் மங்கலான பரவல் அரோரா. அதற்குக் கடைசி முடுக்கமே கிடையாது. காந்தக்கோளத்தில் எழும் கோரஸ் போன்ற பிளாஸ்மா அலைகள் திசையைத் திருப்பிவிட்டு விழவைக்கின்றன. 2009ல் டிஎம்எஸ்பி தரவில் செய்த பெரிய கணக்கெடுப்பில் அரோராவின் மொத்த ஆற்றலில் பாதிக்கு மேல் இந்தப் பரவல் வகையிடம்தான் இருந்தது. கண்ணைக் கவரும் வளைவு மொத்தக் கணக்கில் சிறுபான்மை.

இனி எங்கே வழுக்கும் என்று:

உச்சிக்குக் கீழே, சில நூறு இவிக்கு உள்ளே நிறைய எலக்ட்ரான் தெரியும். கருவிக் கோளாறு என்று வெட்டிவிடாதீர்கள். முதன்மை எலக்ட்ரான் காற்றில் மோதிச் சிதறியதும் தட்டி எழுப்பியதும் மேலே ஏறி, மின்னழுத்தத்தைத் தாண்ட முடியாமல் திரும்பி விழுகின்றன. ஈவன்ஸ் 1974ல் விளக்கினார். அதையும் அலை வகை என்று எண்ணிவிட்டால் எல்லாத் தலைகீழ் வியும் கலப்பு வகையாகிவிடும்.

செயற்கைக்கோளே மின்னூட்டம் பெறும். இருட்டில், அடர்த்தி குறைந்த இடத்தில், கடும் எலக்ட்ரான் மழையில் டிஎம்எஸ்பி எதிர்மறையாகப் பல நூறு வோல்ட்டுக்குப் போகும். கண்டுபிடிக்க அயனி வரைபடத்தைப் பாருங்கள். குறைந்த ஆற்றலில் ஒல்லியான பளிச்சென்ற கோடு ஒன்று மேலே எழும்பினால் அந்தக் கோட்டின் ஆற்றல்தான் கோளின் வோல்ட். எலக்ட்ரானின் ஆற்றலை அவ்வளவுக்குக் கூட்டித் திருத்த வேண்டும்.

பிட்ச் கோணம் (எலக்ட்ரான் போகும் திசைக்கும் காந்தக் கோட்டுக்கும் இடையிலான கோணம்) உள்ள தரவுக்கு வரும்போது இன்னொரு பொறி. வட துருவத்தில் புலம் கீழ்நோக்கி, அதனால் 0 டிகிரி கீழே இறங்குவது. தென் துருவத்தில் 180 டிகிரிதான் கீழே. இதைக் கவனிக்காமல் ஓராண்டுத் தரவைச் சராசரி எடுத்தால் ஏறுவதும் இறங்குவதும் கலந்து ஒன்றும் மிஞ்சாது.

கோட்டூர்புரம்_வானம்

நடுவில் ஒரு பொதுமக்கள் கேள்வி. 2024 மே 10 புயலில் லடாக்கின் ஹான்லேயில் சிவப்பாகத் தெரிந்ததே. இன்னும் பெரிய புயல் வந்தால் மெரினாவில் நின்று பார்க்கலாமா? வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள்.

அடையாறு_அயனி

மெரினாவுக்கு வாய்ப்பில்லை, காரணமும் வடிவியல்தான். சென்னையில் காந்தக் கோடு கிடைமட்டத்திலிருந்து பத்துப் பதினைந்து டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே, திருநெல்வேலிப் பக்கம் போகிறது. சென்னைக்கு 100 கி.மீ. மேலே ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் அது எட்டும் உச்ச உயரமே சுமார் 200 கி.மீ.தான். அதாவது அந்தக் கோடு அயனி மண்டலத்தை விட்டு வெளியே போவதே இல்லை. வாலில் என்ன நடந்தாலும் அந்தக் கோட்டில் ஏறி இங்கே வர வழியில்லை. புயல் நாளில் நமக்குக் கிடைப்பது திருநெல்வேலி காந்த ஆய்வகத்தின் வரைபடத்தில் ஒரு பள்ளம். ஒளி இல்லை.

ஹான்லே கதை வேறு. அங்கே பதிவானதை நிலைத்த செவ்வளைவு என்றே குறித்தார்கள். பூமியைச் சுற்றி ஓடும் வளைய மின்னோட்டத்தின் அயனிகள் அருகிலுள்ள குளிர்ந்த எலக்ட்ரான்களைச் சூடாக்கும். அந்த வெப்பம் கோட்டின் வழியே கீழே கடத்தப்பட்டு 400 கி.மீ. உயரத்தில் எலக்ட்ரான் வெப்பநிலை சில ஆயிரம் கெல்வினாகும். ஆக்சிஜனின் 630.0 நானோமீட்டர் சிவப்புக்கு 2 இவி போதும், 557.7 பச்சைக்கு 4.2 இவி வேண்டும். வெப்பப் பரவலின் வால் முதலாவதை எட்டும், இரண்டாவதை அநேகமாக எட்டாது. ஆகவே தனிச் சிவப்பு. கேஇவி எலக்ட்ரான் எதுவும் விழ வேண்டியதில்லை. 400 கி.மீ. உயர ஒளி 2,200 கி.மீ.க்கு அப்பாலிருந்தும் அடிவானத்தில் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டூர்புரம்_வானம்

நன்றி சார். ஆதித்யா எல்1 இந்த முடுக்கத்தைப் பார்க்குமா?

அடையாறு_அயனி

பார்க்காது. அது 15 லட்சம் கி.மீ. தள்ளி, சூரியன் பக்கம் இருக்கிறது. அதன் பாப்பா, ஆஸ்பெக்ஸ் கருவிகள் உள்ளே வரும் சூரியக் காற்றை அளக்கின்றன. மின்னி தொடக்கத்தில் சொன்ன அந்த 10 இவி எலக்ட்ரானை அளப்பது பாப்பா.

மட்டுறுத்துநர்

புயல், மெரினா தொடர்பான கேள்விகளைப் பொதுப் பிரிவில் தனி இழையாகத் தொடங்குங்கள். இங்கே முடுக்கம் மட்டும்.

பெரம்பூர்_பைத்தான்

நான் ஒரு சோதனைத் துகள் நிரல் எழுதி வெச்சிருக்கேன், போரிஸ் முறை (துகளோட சுழற்சியைப் படிப்படியா கணக்கிடுற வழி). 6,400 கி.மீ. உயரத்துல 1 கேஇவி எலக்ட்ரானை கோட்டோட கீழே விடுறேன். மின்புலம் பூஜ்யம், பிட்ச் கோணம் 0. நேரப் படி 0.25 மைக்ரோநொடி. ஆற்றல் ஆறு இலக்கம் வரைக்கும் அசையல. ஆனா 6,300 கி.மீ. கடக்க 0.336 நொடி ஆகணும், எனக்கு 0.326தான் வருது. படியைப் பாதியாக்கினா இன்னும் மோசம். ஜிபியுவில ஓடுது, 32 பிட்.

காந்தமுள்

கடைசி வார்த்தையில் விடை இருக்கிறது. நிலையை பூமி மையத்திலிருந்து மீட்டரில் வைத்திருக்கிறீர்கள், இல்லையா? 32 பிட் எண்ணில் 83,88,608க்கு மேலே அடுத்தடுத்த எண்களின் இடைவெளி 1 மீட்டர். உங்கள் எலக்ட்ரான் ஒரு படிக்கு 4.68 மீட்டர் போக வேண்டும்; அது ஒவ்வொரு முறையும் 5 ஆக உருள்கிறது. நொடிக்கு 18,700 கி.மீ. போவதற்குப் பதில் 20,000 போகிறது. 83,88,608க்குக் கீழே இடைவெளி அரை மீட்டர், அங்கே 4.68 என்பது 4.5 ஆகி 18,000க்குக் குறைகிறது. முதல் 4,380 கி.மீ.க்கு 0.219 நொடி, மிச்சத்துக்கு 0.107. கூட்டினால் உங்கள் 0.326. திசைவேகம் தனி மாறியில் இருப்பதால் ஆற்றல் பத்திரமாக இருக்கிறது, அதனால்தான் கண்ணில் படவில்லை. ஆற்றல் மாறாமல் இருந்தாலே நிரல் சரி என்று நம்புவது ஆபத்து. படியைச் சிறிதாக்கினால் ஒரு படியில் போகும் தூரமும் சிறிதாகும், உருட்டும் பிழையின் பங்கு பெரிதாகும்.

நிலையை மட்டும் 64 பிட்டுக்கு மாற்றுங்கள். ஜிபியுவில் அது பிடிக்கவில்லை என்றால் ஒரு குறிப்புப் புள்ளியிலிருந்து விலகலாக வைத்து அவ்வப்போது புள்ளியை நகர்த்துங்கள்.

அதோடு, இந்தக் கணக்குக்குப் போரிஸ் வீண். 7,000 நானோடெஸ்லாவில் சுழற்சிக் காலம் 5 மைக்ரோநொடி. அதைப் பின்தொடரத்தான் 0.25 படி. வழிகாட்டு மையச் சமன்பாட்டைப் போட்டால் சுழற்சியே வேண்டாம். இணை விசை = மின்னூட்டம் × இணை மின்புலம், கழித்தல் மியூ × கோட்டின் வழியே புலச் சரிவு. நான்காம் வரிசை ரங்கே–குட்டா, படி ஒரு மில்லிநொடிவரை தாங்கும்.

பெரம்பூர்_பைத்தான்

64 பிட்டுல 0.336 வந்துடுச்சு. அடுத்து மின்னழுத்தம் சேர்க்கணும். 5,000 கி.மீ. உயரத்துல 5 கிலோவோல்ட் ஒரே படிக்கட்டா வெச்சா போதுமா?

காந்தமுள்

வேண்டாம். படிக்கட்டு என்றால் மின்புலம் ஒரு வலைப்புள்ளியில் ஊசியாக நிற்கும்; எலக்ட்ரான் ஒரு படியில் அதைத் தாண்டிக் குதித்துவிடும். சில துகளுக்கு 5 கேஇவி கிடைக்கும், சிலதுக்கு ஒன்றுமே கிடைக்காது. வரைபடத்தைப் பார்த்தால் அலை முடுக்கம் மாதிரியே பரந்து தெரியும், நம்பிவிடுவீர்கள். வழவழப்பான டேன்எச் வடிவில் சில நூறு கி.மீ.க்குப் பரப்புங்கள். ஒரு படியில் எலக்ட்ரான் அந்தப் பரப்பின் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சரிபார்க்க இயக்க ஆற்றலோடு மின்னழுத்த ஆற்றலைக் கூட்டி அச்சிடுங்கள், மாறக் கூடாது.

குறி முக்கியம். எலக்ட்ரான் கீழே விழ மின்புலம் மேல்நோக்கி இருக்க வேண்டும். 10 கேஇவியில் லோரன்ட்ஸ் காரணி 1.02, சார்பியலை விட்டாலும் பெரிய தப்பில்லை. 100 கேஇவிக்குப் போனால் 1.2, அப்போது விடக் கூடாது.

அடையாறு_அயனி

முன்னோக்கி லட்சக்கணக்கில் துகளை விடுவதைவிடப் பின்னோக்கித் தேடுவது மலிவு. கோள் அளந்த இடத்தில் ஒவ்வொரு ஆற்றல், கோணப் பெட்டிக்கும் ஒரு எலக்ட்ரானை நிறுத்தி நேரத்தைத் திருப்பி ஓட்டுங்கள். மேலே பிளாஸ்மா தகட்டை எட்டினால் அங்கே உள்ள மேக்ஸ்வெல் பரவலின் மதிப்பை அப்படியே கீழே எழுதலாம். லியூவில் தேற்றப்படி பாதை நெடுகப் பரவல் சார்பு மாறாது. அயனி மண்டலத்தில் போய் முட்டினால் அது இரண்டாம் நிலை எலக்ட்ரானின் இடம். இரண்டையும் எட்டாமல் நடுவில் அலைந்தால் சிக்கியது.

அளந்த பாயத்தை (ஃபிளக்ஸ்) பரவல் சார்பாக மாற்றும்போது, தரவில் இருப்பது துகள் பாயமா ஆற்றல் பாயமா என்று முதலில் பாருங்கள். துகள் பாயம் என்றால் நிறையின் வர்க்கம் × பாயம் ÷ (2 × ஆற்றல்). ஆற்றல் பாயம் என்றால் இன்னொரு முறை ஆற்றலால் வகுக்க வேண்டும். மறந்தால் தலைகீழ் வியின் உச்சி பொய்யாக மேலே நகரும்.

கிண்டி_மின்னி

வியாழனிலும் இதே இரண்டு வழிதானா?

ராயபுரம்_ரேடியோ

இரண்டும் உண்டு, விகிதம் வேறு. ஜூனோ விண்கலம் அங்கே 400 கிலோவோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் பார்த்தது, பூமியைவிடப் பத்து முப்பது மடங்கு. இருந்தும் மிகப் பிரகாசமான பகுதிகளில் பரந்த ஆற்றல் வகைதான் மேலோங்கியிருந்தது. பூமியில் பழகிய கண்ணோடு போனவர்களுக்கு அது எதிர்பாராதது.

கிண்டி_மின்னி

கடைசியாக ஒன்று. அலை வகையில் வேகமான எலக்ட்ரான் முதலில் வரும், மெதுவானது பின்னால் வரும் என்கிறார்களே. டிஎம்எஸ்பியில் அந்தச் சாய்வைப் பார்த்துத் தூரத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

ராயபுரம்_ரேடியோ

டிஎம்எஸ்பியில் முடியாது. 5,000 கி.மீ. மேலே ஒரே நேரத்தில் கிளம்பினால் 1 கேஇவி எலக்ட்ரான் 0.27 நொடியில் வரும், 100 இவி 0.84 நொடியில். வித்தியாசம் 0.57, நொடிக்கு ஒரு நிறமாலையில் அது ஒரே கட்டத்துக்குள் அமுங்கிவிடும். ஃபாஸ்ட் தரவை எடுங்கள், சுமார் 80 மில்லிநொடிக்கு ஒன்று, ஏழு புள்ளி கிடைக்கும். ஒவ்வொரு ஆற்றலும் வந்த நேரத்தை ஒரு அச்சிலும் வேகத்தின் தலைகீழை மற்றதிலும் போடுங்கள். நேர்கோடு வந்தால் அதன் சரிவே தூரம்.

ஆனால் அந்த 0.57 நொடியில் கோளும் மூன்று நான்கு கி.மீ. நகர்ந்திருக்கும். அலை இழையின் அகலமே அவ்வளவுதான். ஆகவே ஒரே ஒரு சாய்வை வைத்துத் தூரம் சொல்லாதீர்கள். இழையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போனாலும் அதே படம் வரும். ஒன்றன்பின் ஒன்றாகப் பல சாய்வுகள் ஒரே தூரத்தைத் தந்தால், கோள் கடக்கும்போது அதே இடைவெளியில் மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து ஆடினால், மின்புலம் ÷ காந்தப்புல விகிதம் ஆல்ஃப்வேன் வேகத்தை ஒட்டி வந்தால், அப்போது எழுதுங்கள்.